மூன்று கொலர் நேரம்

ஒரு கொலர் பூட்ட எனக்கு நாற்பது செக்கன்.
அறிவியல்நகர் ஆலை, ஆறாவது லைன்,
கைக்குள் ஊறிப்போன நாற்பது.
அதனால் யதுசிகாவுக்கு வலிப்பு வந்தால்
நான் மணிக்கூடு தேடுவதில்லை.
பக்கமாய்ச் சரித்துப் படுக்கவைத்து
கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு
மனதுக்குள் தைக்கத் தொடங்குவேன்.
பெரும்பாலும் மூன்றாவது கொலரில்
வலக்கை துடிப்பதை நிறுத்தும்.
எட்டாவதைத் தொட்டால் ஓட்டோ.
இதுவரை இரண்டு தரம் தொட்டிருக்கிறது.

இடப்பக்க நெற்றியில் தொடங்கி
இமையை மூடி, கன்னத்தில் இறங்கி
மேலுதட்டில் சட்டென்று நிற்கிற நிறம்.
நாவற்பழம் தின்ற வாயை யாரோ
அவள் முகத்தில் துடைத்துவிட்டுப் போனதுபோல.
பிறந்த அன்று தாதி ஈரப்பஞ்சால் துடைத்தாள்.
இன்னொருமுறை துடைத்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

கிரகணத்தில் வெளியே போனாயா என்று கேட்டார்கள்.
போனேன்.
மலசலகூடம் வெளியில்தான் இருந்தது.

விசுவமடுவுக்குக் கணக்கெடுக்க வந்த பெடியன்
அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.
"எங்க பட்டதக்கா? மாத்தளனிலயோ?"
"என்ர வயித்துக்குள்ள."
எழுதத் தொடங்கி, நிறுத்தி, வெட்டினான்.
செல், கண்ணி, எரிகாயம் என்று
அவன் விரல் பட்டியலில் இறங்கிக்கொண்டே போனது.
பிள்ளை பிறந்தது பதின்மூன்றாம் ஆண்டு என்றேன்.
"அப்ப இதுக்குள்ள வராதக்கா."
பேனையை மூடினான். தண்ணி குடித்தான்.
எங்கள் ஊரில் ஒவ்வொரு வடுவுக்கும்
ஒரு தேதியும் ஒரு இடமும் உண்டு.
இவளுடைய தேதிக்கு நாங்கள் கேக் வெட்டுகிறோம்.

யாழ்ப்பாணத்து டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார்.
இரண்டு வெள்ளைக்காரரின் பெயர்.
என் நாக்கு அதில் இடறும்;
கிளினிக் கொப்பியைக் காட்டிவிடுவேன்.
நான் தையல்காரி என்று தெரிந்து சொன்னார்:
"நெற்றித்தோலும் மூளையின்ர உறையும்
ஆரம்பத்தில ஒட்டிக்கிடந்த துணி, அம்மா.
அதில ஒரு இழை பிசகிப்போச்சு.
நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."
ஒன்றும் செய்யவில்லை.
அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து
பலநாள் வைத்துப் பார்த்தேன்.
அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று
இன்னும் பிடிபடவில்லை.

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இந்தா, தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடு.
சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

எனக்குத் தண்டவாளம் தெரியும்.
எங்கள் பங்கருக்கு மேலே கிடந்தது அதுதான்.
கொக்காவிலிலிருந்து மாமா
மாட்டுவண்டிலில் இழுத்துவந்த இரண்டு துண்டு,
குறுக்கே சிலிப்பர் கட்டை, மேலே மண்மூட்டை.
ரயிலையே கண்டிராத வயதில்
தண்டவாளத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து
துருவை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.
மழை பெய்தால் அது நெற்றியில் சொட்டும், சிவப்பாய்.
கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்த மாதம்
இவள் பிறந்தாள்.
இதற்கு ஒரு பொருளும் இல்லை.
மாதம் அது, அவ்வளவுதான்.

இடக்கையால் எழுதுகிறாள்.
இடக்கண்ணுக்குக் காலையும் இரவும் ஒரு சொட்டு.
பள்ளியில் தன் முகத்தைக் கீறச் சொன்னபோது
ஊதாக் கட்டி தீர்ந்துவிட்டதென்று
பக்கத்துப் பிள்ளையிடம் கடன் வாங்கியிருக்கிறாள்.

கிளினிக் முடிந்து திரும்பும்போது
பரந்தனுக்குக் கிட்டக் கடவை மூடிக்கிடந்தது.
பஸ் நின்றது. ரயில் நீளமாய்ப் போனது.
கைகாட்டினாள்.
ஜன்னலோரம் ஒருவன் காட்டவந்த கையை
அவள் முகம் கண்டு பாதியில் விட்டான்.
அவளோ அடுத்த பெட்டிக்குக் காட்டத் தொடங்கிவிட்டாள்.
"அம்மா, என்ர தலைக்குள்ள ஓடுறதும்
இவ்வளவு பெட்டியோ?"
"சின்னது. மூண்டு பெட்டி."
"ஆக்கள் இருக்கினமோ?"
படலை உயர்ந்தது. கொண்டக்டர் தட்டினான்.

நாவல்நிறக் கன்னம் என் தோளில் பட
வட்டக்கச்சிச் சந்தி தாண்டமுன் தூங்கிப்போனாள்.
சூடாய் இருந்தது, வியர்வை ஊறியது.
அந்த நிறம் ஒட்டாது. எனக்குத் தெரியும்.
என்றாலும் ஒவ்வொருமுறையும்
இறங்கும்போது சட்டையின் தோளைப் பார்க்கிறேன்.